இசையை எழுதப் பென்சில் போதுமா, கணினி வேண்டுமா?

இசையமைப்பது வேறு, அமைத்த இசையை எழுதி வைப்பது வேறு. மனத்தில் தோன்றிய மெட்டை ஒருவர் தாமே பாடிவிட்டுப் போவதானால் எழுத்துக்கு அவசியமில்லை. ஐம்பது பேர் கொண்ட வாத்தியக்குழு ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டுமானால், யார் எப்போது எந்தச் சுரத்தை எவ்வளவு நேரம் வாசிப்பது என்பதைத் தாளில் காட்டியே ஆகவேண்டும். அந்தத் தாளைத் தயாரிப்பது எப்படி என்பதில்தான் இன்று இரு கருத்துகள் நிலவுகின்றன.

பென்சிலும் கோடு போட்ட தாளும் இருந்தால்தான் உண்மையான இசை பிறக்கும் என்கின்றனர் ஒரு சாரார். மென்பொருள் இருக்கும்போது கையால் எழுதுவது வீண் உழைப்பு என்கின்றனர் மறு சாரார். பிள்ளைகளை இசை வகுப்புக்கு அனுப்பும் பெற்றோரையும், பள்ளி வாத்தியக்குழுவில் இணைப்பாட நடவடிக்கைக்காகச் சேர்ந்திருக்கும் மாணவர்களையும் தொடும் கேள்வி இது. இரண்டு தரப்பிலும் உண்மை இருப்பதால், ஒவ்வொன்றாகப் பார்ப்பது நல்லது.

கோடுகள் வந்த கதை

மேற்கத்திய இசையில் சுரங்களைக் கோடுகளின் மேலும் அவற்றின் இடைவெளியிலும் குறிக்கும் முறையைச் சீர்படுத்தியவர், 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த குய்தோ என்ற துறவி. அதற்கு முன் தேவாலயப் பாடகர்கள் பாடல்களைப் பெரும்பாலும் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தனர். கோடுகள் வந்தபின், முன்பு கேட்டறியாத பாடலையும் பார்த்துப் பாட முடிந்தது.

1501ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் ஒட்டாவியானோ பெட்ருச்சி என்பவர், பல குரல்கள் சேர்ந்து பாடும் இசையை அச்செழுத்துகள் கொண்டு அச்சிட்டு நூலாக வெளியிட்டார். ஆனாலும் அச்சு வந்ததால் கையெழுத்து ஒழிந்துவிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டிய இசையை அச்சுக்கூடத்துக்கு அனுப்பிக் காத்திருக்க யாருக்கும் நேரமில்லை. யோகான் செபாஸ்டியன் பாக் வீட்டில் அவருடைய மனைவி, பிள்ளைகள், மாணவர்கள் எனப் பலரும் உட்கார்ந்து படியெடுத்தனர். இசையைப் படியெடுப்பது 20ஆம் நூற்றாண்டிலும் சம்பளத்துக்குரிய ஒரு தொழிலாகவே நீடித்தது.

கணினி இத்துறைக்குள் வேகமாக நுழைந்தது 1980களில். மின் இசைக்கருவிகளும் கணினியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் 'மிடி' முறை 1983ல் வந்தது. 1988ல் அமெரிக்காவில் 'ஃபினாலே' மென்பொருள் வெளியானது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபின் என்ற இரட்டைச் சகோதரர்கள் உருவாக்கிய 'சிபேலியஸ்' 1993ல் விற்பனைக்கு வந்தது. பின்லாந்தின் புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஒருவரின் பெயர் அது. பிறகு, காசு கொடுக்காமலே பயன்படுத்தக்கூடிய 'மியூஸ்ஸ்கோர்' மென்பொருளின் முதல் முழுப் பதிப்பு 2011லும், 'டொரிகோ' 2016லும் வந்தன.

மென்பொருள் மிச்சப்படுத்தும் உழைப்பு

மென்பொருளின் பெரும்பயன் எதில் இருக்கிறது என்பதை அறிய, வாத்தியக்குழு எப்படி வாசிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். குழுவை நடத்துபவர் முன்னால் இருப்பது முழுக்குறிப்பு. எல்லா வாத்தியங்களின் வரிகளும் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். ஒரு பக்கத்தில் இருபது, முப்பது வரிகள் இருப்பதும் உண்டு. ஆனால் புல்லாங்குழல் வாசிப்பவரின் முன்னால் புல்லாங்குழலின் வரி மட்டுமே இருக்கும். ஆக, முழுக்குறிப்பை எழுதி முடித்தபின் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனிப்படி எடுக்க வேண்டும்.

அதில் ஒரு சிக்கலும் உண்டு. சில வாத்தியங்களுக்கு எழுதும் சுரம் ஒன்று, ஒலிக்கும் சுரம் வேறொன்று. வழக்கமான பி ஃபிளாட் கிளாரினெட்டில் 'சி' ஒலிக்க வேண்டுமானால் 'டி' என்று எழுத வேண்டும். எஃப் ஹார்னுக்கு அதையே 'ஜி' என்று எழுத வேண்டும். ஆல்ட்டோ சாக்சஃபோனுக்கு 'ஏ'. கையால் படியெடுப்பவர் ஒவ்வொரு சுரத்தையும் மனத்துக்குள் மாற்றி எழுதுகிறார். களைப்பில் ஒரு சுரம் பிசகினாலும் ஒத்திகையில்தான் அது தெரியவரும். அப்போது மொத்தக் குழுவும் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தவற்றைத் தேட வேண்டியிருக்கும்.

மென்பொருள் இந்த மாற்றத்தைச் சில நொடிகளில் செய்துவிடுகிறது. தனிப்படிகளையும் அதுவே பிரித்துக் கொடுக்கிறது. பாடகருக்குச் சுருதி அதிகமாக இருக்கிறது என்று ஒத்திகைக்கு முந்தைய நாள் தெரியவந்தால், மொத்தப் பாடலையும் ஒரு கட்டளையில் இறக்கிவிடலாம். கையால் எழுதியவர் இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டிய வேலை அது. வாத்தியத்தின் எல்லைக்கு அப்பாற்பட்ட சுரத்தை எழுதினால், பல மென்பொருள்கள் அதைச் சிவப்பு நிறத்தில் காட்டி எச்சரிக்கவும் செய்கின்றன.

அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் 'சிபேலியஸ்' பயன்படுத்துபவர். சிறு சிறு இசைத்துணுக்குகள் திரும்பத் திரும்ப வந்து, ஒன்றிலிருந்து ஒன்று மெல்ல விலகிச் செல்வது அவருடைய பாணி. ஒரு துணுக்கை எழுதி, பல இடங்களில் ஒட்டி, சற்றே நகர்த்திப் பார்க்கும் வசதி அத்தகைய இசைக்கு இயல்பாகப் பொருந்துகிறது. ஆகவே, மென்பொருளில் எழுதினால் இசை தரம் குறைந்துவிடும் என்பது பொதுவான விதியாக முடியாது.

பென்சில் தரும் நிதானம்

அப்படியானால் கையெழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் பழமைவாதிகளா? அப்படிச் சொல்லிவிட முடியாது.

1977ல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு இசையமைத்த ஜான் வில்லியம்ஸ், பியானோ முன் அமர்ந்து பென்சிலால் எழுதுபவர் என்று பெயர் பெற்றவர். 2020ல் மறைந்த இத்தாலியின் என்னியோ மோரிகோனே, பியானோகூட இல்லாமல் வெறும் மேசையில் அமர்ந்து எழுதினார். தமிழர்களுக்கு நன்கு தெரிந்த இளையராஜாவும் ஐந்து கோட்டு முறையில் கையால் எழுதுபவர். திரைப்பாடலுக்கும் பின்னணி இசைக்கும் குறிப்பை எழுதிக் கொடுத்து, வாத்தியக் கலைஞர்களை அதைப் பார்த்து வாசிக்கச் செய்வது அவருடைய வழக்கம். அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனி 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் அரங்கேறியது.

இவர்கள் தாளில் எழுதுவதற்குக் காரணம், இசையை முதலில் மனத்துக்குள் கேட்டுவிடுகிறார்கள் என்பதுதான். தாளில் எழுதும்போது எந்த ஒலியும் வராது. ஒரு வரியை எழுதியபின் அது எப்படி ஒலிக்கும் என்பதை எழுதுபவரே கற்பனை செய்தாக வேண்டும். நாளடைவில் அது ஒரு பயிற்சியாகி, குறிப்பைப் பார்த்தவுடனேயே ஒலி மனத்தில் எழும் ஆற்றல் வளர்கிறது. இசை ஆசிரியர்கள் இதனை 'உட்செவி' என்கின்றனர்.

உட்செவியின் ஆற்றலுக்குப் பேத்தோவனைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அவருடைய ஒன்பதாம் சிம்பொனி 1824 மே 7ஆம் தேதி வியன்னாவில் அரங்கேறியபோது, அவர் கேட்கும் திறனை ஏறக்குறைய முழுவதுமாக இழந்திருந்தார். வாத்தியங்கள், தனிப்பாடகர்கள், கூட்டுப்பாடகர்கள் அனைவருக்குமான இசையையும் அவர் மனத்துக்குள் கேட்டே எழுதினார்.

பேத்தோவன் விட்டுச்சென்ற வரைவு ஏடுகள் இன்னொன்றையும் காட்டுகின்றன. வெளியே நடக்கச் செல்லும்போதும் அவர் சிறு ஏடு ஒன்றைக் கையோடு வைத்திருப்பார். எழுதியதை அடிப்பார், திரும்ப எழுதுவார். 1808ல் அரங்கேறிய ஐந்தாம் சிம்பொனியின் ஆரம்ப வரைவுகள் 1804 வாக்கிலேயே தொடங்கிவிட்டன. அடித்த வரியும் தாளில் அப்படியே கிடப்பதால், வேண்டாம் என்று ஒதுக்கிய யோசனைக்குத் திரும்பிச் செல்ல முடிந்தது. கணினியில் அழித்தது அழிந்ததுதான். எழுதுபவர் ஒவ்வொரு கட்டத்தையும் தனிக் கோப்பாகச் சேமித்து வைத்தாலொழிய, இறுதி வடிவம் மட்டுமே எஞ்சும்.

செவியை ஏமாற்றும் ஒலி

எழுதிய மறுகணமே இசைத்துக் காட்டுவது மென்பொருளின் பெரிய கவர்ச்சி. புதிதாக எழுதப் பழகுபவருக்கு அது ஊக்கம் தரும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஒலியை முழுவதுமாக நம்பினால் ஆபத்து உண்டு.

புல்லாங்குழலின் கீழ்ச்சுரங்கள் இயல்பாகவே மெல்லியவை. டிரம்பெட்டும் டிராம்போனும் உரக்க முழங்கும் இடத்தில் அந்தச் சுரங்களை எழுதினால், அரங்கத்தில் யார் காதிலும் விழாது. கணினியிலோ அதன் ஒலியைச் சற்றுக் கூட்டிவிட்டால் தெளிவாகக் கேட்கும். எழுதியவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

கணினியின் புல்லாங்குழலுக்கு மூச்சு வாங்காது. இரண்டு நிமிடம் இடைவிடாமல் ஊதும். கணினியின் வயலினுக்கு விரல் எட்டாத சுரம் என்று ஒன்று கிடையாது. மாணவர் ஒருவர் எழுதிய இசை கணினியில் அழகாக ஒலித்து, பள்ளி வாத்தியக்குழுவின் ஒத்திகையில் தடுமாறினால், வாசிக்கும் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. மனிதர்கள் வாசிக்கக்கூடியதை எழுதியிருக்கிறோமா என்று எழுதியவர்தான் பார்க்க வேண்டும்.

வெட்டி ஒட்டும் வசதியாலும் இப்படி ஒரு கேடு வரலாம். எட்டு அளவுகள் கொண்ட பகுதியை மீண்டும் கொண்டுவருவதற்குக் கணினியில் உழைப்பே தேவையில்லை. கையால் எழுதுபவருக்கோ அதே பகுதியை இரண்டாம் முறை எழுதும்போது அலுப்புத் தட்டும். அந்த அலுப்புதான் பலநேரம் ஒரு சுரத்தை மாற்றச் சொல்கிறது, புதிய வாத்தியத்தைச் சேர்க்கச் சொல்கிறது.

கட்டங்களுக்குள் அடங்காத இசை

மென்பொருளைத் திறந்தவுடன் ஐந்து கோடுகளும், அளவுகளாகப் பிரிக்கப்பட்ட கட்டங்களும், பன்னிரண்டு சுரத்தானங்களும் தயாராகக் காத்திருக்கும். மேற்கத்திய இசையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அந்தக் கட்டங்களைத் தாண்டி யோசிப்பவருக்குத் தாள்தான் வசதி. அமெரிக்காவின் ஜார்ஜ் கிரம்ப், 1972ல் எழுதிய 'மேக்ரோகாஸ்மோஸ்' என்ற பியானோ இசைத்தொகுப்பில் ஐந்து கோடுகளைச் சிலுவையாகவும் சுருளாகவும் வளைத்துக் கையால் வரைந்தார்.

கர்நாடக இசை கற்பவர்கள் இந்த எல்லையை நேரடியாகவே உணர்வார்கள். சங்கராபரணத்தின் சுர வரிசையும் மேற்கத்திய மேஜர் வரிசையும் ஒன்றுதான். ஆனால் அந்தச் சுரங்களை மட்டும் மென்பொருளில் எழுதி ஒலிக்கவிட்டால் சங்கராபரணம் வராது. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, அசைவின்றி நிற்கும். தோடியை அவ்வாறு இசைத்தால் அது தோடி என்று கண்டுபிடிப்பதே சிரமம். ராகத்துக்கு உயிர் தருவது கமகம்.

இந்தச் சிக்கல் கணினியோடு வந்ததல்ல. சென்னையில் சின்னசாமி முதலியார் 1890களிலேயே கர்நாடக உருப்படிகளை ஐந்து கோட்டு முறையில் அச்சிட்டார். 1904ல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி', சுரங்களுடன் கமகங்களுக்கும் தனிக் குறியீடுகளைக் கொடுத்தது. இத்தனைக்குப் பிறகும் குருவின் வாய்வழிப் பாடம் இன்றியமையாததாகவே இருக்கிறது. கர்நாடக இசையில் எழுத்து ஞாபகத்துக்குத் துணை. பாடத்துக்கு மாற்றாக அது அமைவதில்லை.

தாளும் கோப்பும் எத்தனை காலம்?

எழுதிய இசை நிலைத்து நிற்குமா என்பதுதான் இந்த விவாதத்தில் பெரிய கேள்வி. 2024 ஆகஸ்ட் 26ஆம் தேதி, 'ஃபினாலே' மென்பொருளின் மேம்பாட்டையும் விற்பனையையும் நிறுத்துவதாக அதன் நிறுவனம் அறிவித்தது. 35 ஆண்டுகளாகப் பலர் தங்கள் இசையை அதில்தான் சேமித்து வைத்திருந்தனர். ஓராண்டுக்குப் பிறகு புதிய கணினியில் அதனைப் பதிவுசெய்து இயக்க முடியாது என்றும் முதலில் சொல்லப்பட்டது. பயனீட்டாளர்கள் கடும் எதிர்ப்புத் தெரிவிக்கவே, அந்த முடிவு உடனே மாற்றிக்கொள்ளப்பட்டது. என்றாலும், மேம்பாடு நின்றுபோன மென்பொருள் வருங்காலக் கணினிகளில் இயங்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

இதோடு ஒரு பழைய நிகழ்வை ஒப்பிடலாம். ஷூபர்ட் 1828ல் தமது 31ஆம் வயதில் மறைந்தார். அவருடைய பெரிய சி மேஜர் சிம்பொனியின் கையெழுத்துப் படி, வியன்னாவில் அவருடைய அண்ணன் வீட்டில் கிடந்தது. பத்தாண்டுகளுக்குப் பிறகு அங்கே சென்ற இசையமைப்பாளர் ஷூமன் அதைக் கண்டார். 1839 மார்ச்சில் மெண்டல்சன் அதனை லைப்சிக் நகரில் அரங்கேற்றினார். தாளைப் படிக்க ஷூமனுக்குக் கண்கள் போதுமானவையாக இருந்தன.

அதற்காகத் தாளுக்கு அழிவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பாக் பயன்படுத்திய இரும்புச்சத்து கலந்த மை காலப்போக்கில் தாளையே அரித்தது. பெர்லினில் உள்ள அவருடைய கையெழுத்துப் படிகளைக் காப்பாற்ற வல்லுநர்கள் பெரிதும் பாடுபட வேண்டியிருந்தது. அவருடைய புகழ்பெற்ற செல்லோ இசைத்தொகுப்புகளின் மூலப்படி இன்று இல்லவே இல்லை. அவர் மனைவி அன்னா மக்தலேனா போன்றவர்கள் எடுத்துவைத்த படிகளால்தான் அந்த இசை பிழைத்தது.

ஆக, தாளானாலும் கோப்பானாலும் ஒரே ஒரு படியாக இருப்பதுதான் ஆபத்து. கணினியில் எழுதுபவர்கள் மூன்று வடிவங்களில் சேமிப்பது நல்லது. மென்பொருளின் சொந்தக் கோப்பு ஒன்று. பல மென்பொருள்கள் புரிந்துகொள்ளும் 'மியூசிக் எக்ஸ்எம்எல்' வடிவம் இரண்டாவது. யாரும் திறந்து பார்க்கக்கூடிய பிடிஎஃப் மூன்றாவது. முக்கியமான படைப்பைத் தாளில் அச்சிட்டு வைத்தால் இன்னும் பாதுகாப்பு.

பிள்ளைகளுக்கு எது ஏற்றது?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகள் பலர் பிரிட்டனின் ஏபிஆர்எஸ்எம் இசைத் தேர்வுகளை எழுதுகின்றனர். அதன் முதல் ஐந்து நிலைகளுக்கான இசைக் கோட்பாட்டுத் தேர்வு 2020ல் இணையத்துக்கு மாறியது. விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்றாகிவிட்டதால், பென்சிலால் சுரங்களை வரைய வேண்டிய கட்டாயம் தேர்வில் குறைந்துவிட்டது. ஒரு பிள்ளை கையால் ஒரு வரி இசைகூட எழுதாமலே ஐந்தாம் நிலைக் கோட்பாட்டைத் தாண்டிவிடலாம்.

தேர்வில் கேட்காவிட்டாலும் வீட்டில் பழக்குவதற்குத் தடையில்லை. வாரத்துக்கு நான்கு அளவுகள் போதும். பிள்ளை ஒரு சிறு மெட்டை மனத்துக்குள் பாடிப் பார்த்து, கோடு போட்ட தாளில் எழுதட்டும். பிறகு வாத்தியத்தில் வாசித்துப் பார்க்கட்டும். நினைத்ததும் ஒலித்ததும் ஒன்றாக இருக்கிறதா என்று தானே ஒப்பிடும்போது உட்செவி வளரத் தொடங்கும். அதன்பின் மென்பொருளைத் திறந்தால், அது பிள்ளைக்கு நல்ல உதவியாளராக இருக்கும். உட்செவி வளரும் முன்பே திறந்தால், கணினி ஒலிப்பதையெல்லாம் சரியென்று ஏற்கும் பழக்கம் வந்துவிடலாம்.

இரண்டுக்கும் இடமுண்டு

இன்று இரண்டையும் இணைக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. 2015ல் வெளிவந்த 'ஸ்டாஃப்பேட்', தொடுதிரையில் மின்பேனாவால் எழுதும் சுரங்களை அடையாளம் கண்டு அச்சு வடிவமாக மாற்றிவிடுகிறது. திரைப்பட இசையிலோ வேலைப் பிரிவினை உண்டு. இசையமைப்பாளர் பென்சிலால் எழுதிக் கொடுத்தாலும், அதைக் கணினியில் ஏற்றித் தனிப்படிகள் தயாரிக்கும் பொறுப்பை வேறு சிலர் ஏற்கின்றனர்.

இந்த ஏற்பாடு தனியாக எழுதுபவருக்கும் பொருந்தும். இசை இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் கட்டத்தில் பென்சில் உதவும், ஏனெனில் அது எழுதுபவரையே கேட்கவும் முடிவெடுக்கவும் வைக்கிறது. இசை உருவாகி முடிந்து, மற்றவர்கள் வாசிக்க வேண்டிய கட்டத்தில் மென்பொருள் உதவும், ஏனெனில் படியெடுப்பதிலும் சுருதி மாற்றுவதிலும் மனிதரைவிட அது நம்பகமானது. ஸ்டீவ் ரைஷைப் போல் முதலிலிருந்தே கணினியில் எழுதுபவர்களும், தாங்கள் எழுதப்போவது எப்படி ஒலிக்கும் என்பதை அறிந்துதான் எழுதுகிறார்கள்.

எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும், ஒலியைக் கேட்பதற்கு முன் அதை மனத்தில் ஒருமுறை கேட்டுவிடுவது நல்ல வழக்கம். பணம் கொடுத்து வாங்கிய மென்பொருளானாலும், காசில்லாமல் கிடைத்ததானாலும், அந்த வேலையை மட்டும் எழுதுபவரேதான் செய்ய வேண்டும்.